விழாவுக்கு முந்திய நோன்பு

மாசி மாதம் பிறந்துவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காலைப் பனி சிறிது சிறிதாக விலகி வெயில் ஏறத் தொடங்கும். வயல்களிலே அரிவு வெட்டு முடிந்திருக்கும். தோட்டங்களிலே புகையிலை முற்றி நிற்கும். களஞ்சியம் நிறைகின்ற அக்காலத்திலேதான் நம்மவர் வயிற்றை ஒடுக்கும் விரதங்களும் வந்து சேருகின்றன. சைவ வீடுகளிலே சிவராத்திரிக்கு ஆயத்தம் நடக்கும். அதே நாள்களிலே, அடுத்த வீதியிலுள்ள கத்தோலிக்க வீடுகளில் விபூதிப் புதனுக்கு ஆயத்தம் நடக்கும். ஓர் ஊரிலே இரு சமயத்தவரும் ஏறத்தாழ ஒரே கிழமையில் நெற்றியிலே நீறு பூண்டு, உணவைக் குறைத்து, தத்தம் கடவுளை நோக்கி நிற்கும் காட்சியை இளமை முதல் நாம் கண்டு வந்துள்ளோம்.

இது தற்செயலாக நேர்வதன்று. இரண்டையும் ஆளுவது சந்திரனே. மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு, அதாவது அமாவாசைக்கு முந்திய இரவு, சிவராத்திரி. கிறிஸ்தவரின் உயிர்த்த ஞாயிறோ, மார்ச்சு 21ஆம் திகதியன்று அல்லது அதன் பின்னர் வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் விபூதிப் புதன் வரும். பூரணையிலிருந்து ஒன்றரைச் சந்திர மாதம் பின்னே போனால் அமாவாசையை அடைவோமாதலின், விபூதிப் புதன் எப்பொழுதும் ஓர் அமாவாசையை ஒட்டியே நிகழும். 2015ஆம் ஆண்டிலே சிவராத்திரி பெப்ரவரி 17ஆம் திகதியும் விபூதிப் புதன் அடுத்த நாளுமாக அமைந்தன. 2018இலும் 2022இலும் அவ்வாறே அடுத்தடுத்த நாள்களில் வந்தன. 2026இலே மூன்று நாள் இடைவெளி. சில ஆண்டுகளில், 2024இற் போல, ஒரு மாத அளவு விலகிப்போதலும் உண்டு.

நாள்களிலே மாத்திரமன்றிச் சொற்களிலும் உறவுண்டு. ஐரோப்பியர் சாம்பற் புதன் என்னும் நாளை நம்மூர்க் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் அழைத்தனர். நாற்பது நாட் காலத்துக்குத் தபசு காலம் என்பது பழம்பெயர்; தவக்காலம் என்பது இன்றைய வழக்கு. முழு உணவு ஒருவேளை மாத்திரம் கொள்ளும் நோன்பை ஒருசந்தி என்றனர். இறைச்சி விலக்கிய உணவைச் சுத்தபோசனம் என்றனர். இச்சொற்களுள் ஒன்றேனும் சைவப் பிள்ளைக்குப் புதியதன்று. நம் பாட்டிமாரும் ஒருசந்தி இருந்தவர்களே. கடல் கடந்து வந்த சமயம் இந்நாட்டு வீட்டின் அடுக்களைக்குள் நுழைந்தபோது, அங்கே ஏற்கனவே வழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டது. பசியை அடக்குவதற்கு வேண்டிய சொற்களைத் தமிழர் முன்னரே ஆக்கி வைத்திருந்தனர் போலும்.

ஆயினும், சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே என்று கூறிவிடுதல் கூடாது. எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று மேடையிலே சொல்லிக் கைதட்டுப் பெறுதல் எளிது. அது அயலானுடைய நம்பிக்கையை அறியும் உழைப்பிலிருந்து நம்மைத் தப்புவிக்கின்றது, அவ்வளவே. நமது திருநீறு ஆவின் சாணத்தைச் சுட்டு எடுக்கப்படுவது. அதைச் சிவராத்திரியிலே சுட்டெடுத்தல் சிறப்பென்பர். விபூதி என்ற சொல்லுக்குச் செல்வம் என்பது பொருள். மலம் வெந்தபின் எஞ்சுவது யாதோ அதன் அடையாளமாக, நாடோறும் மகிழ்வோடு அதனை அணிகின்றோம். கத்தோலிக்கர் நெற்றியிற் பூசும் சாம்பலோ, முந்திய ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று கையிலே பிடித்த ஓலைகளை எரித்தெடுத்தது. அரசனென்று ஆர்ப்பரித்து ஏந்திய ஓலை ஓராண்டிலே சாம்பலாயிற்று. மனிதனும் அவ்வாறே மண்ணுக்குத் திரும்புவான், ஆதலால் மனந்திரும்புக என்பது அதன் கருத்து. ஆண்டுக்கு ஒருமுறை அதனைத் துக்கத்தோடு ஏற்கின்றனர்.

இனித் தவக்காலம் என்பது யாது என்பதைச் சிறிது விளக்குவோம். உயிர்த்த திருநாளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக நாற்பது நாள் கொண்டது இக்காலம். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நினைவு நாளாகையால் அன்று நோன்பில்லை. அதனாலேயே 40 நோன்பு நாளும் ஆறு ஞாயிறும் சேர்ந்து 46 நாள் ஆகின்றன. இயேசுநாதர் தமது பணியைத் தொடங்குமுன் வனாந்தரத்திலே நாற்பது நாள் உபவாசம் இருந்தார் என்பது சுவிசேஷ வரலாறு. மோசே சீனாய் மலையில் நின்றதும், எலியா ஓரேபுக்கு நடந்ததும் நாற்பது நாள் என்றே வேதாகமம் கூறும். கி.பி. 325இலே நிக்கேயாவிற் கூடிய சங்கத்தின் 5ஆம் விதியிலே இந்நாற்பது நாட் காலம் பெயர்பெற்று நிற்கின்றது. ஆதித் திருச்சபையிலே புதிதாகச் சமயம் புகுவோர் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவிலே ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களை அதற்கு ஆயத்தஞ் செய்யும் காலமாகவும் இக்காலம் வளர்ந்தது.

ஆயத்தம் என்ற இச்சொல்லே தவக்காலத்தின் திறவுகோல். கோயிலிலே அக்காலத்தில் ஊதா நிற ஆடை அணிவர். மகிழ்ச்சிப் பாடல்களை விடுவர். பெரிய வியாழன் மாலை தொடங்கி உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவு வரை மணியும் ஒலியாது. மணிக்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டி ஓசை செய்வர். வெள்ளிக்கிழமைகளிலே 14 நிலைகளிலும் நின்று சிலுவைப் பாதை செய்வர். கலியாணங்களைத் தள்ளி வைப்பர். இவையெல்லாம் தம்மளவிலே முடிவல்ல. வரப்போகும் ஒரு நாளுக்காக வீட்டைப் பெருக்கி வைப்பது போன்றவை. சட்டமும் காலத்துக்கேற்ப மாறியது. முன்னாளிலே தவக்காலத்து வார நாள்களெல்லாம் ஒருசந்தி நாள்கள். 1966ஆம் ஆண்டிலே ஆறாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட ஆணையின் பின்னர், கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாள்களாகச் சுருங்கியது. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் நிலைத்தது. எனினும், செபம், நோன்பு, தருமம் என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும் என்ற பழைய கொள்கை மாறவில்லை.

நமது பக்கத்திலே விரதத்தின் இலக்கணத்தை நாவலர் பெருமான் சைவ வினாவிடையிலே வகுத்துள்ளார். மனம் பொறிவழி ஓடாது நிற்றற்காக உணவை விடுத்தாயினும் சுருக்கியாயினும் மனம் வாக்குக் காயங்களாற் கடவுளை வழிபடுதலே அதன் கருத்து. உணவை விடுதல் அங்கே கருவி. வழிபாடே கருத்தா செய்யும் தொழில். இவ்விடத்தில் இரு நெறியும் அருகருகே வருகின்றன.

இந்நோன்பு யாழ்ப்பாணத்திலே வேரூன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இலே ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினர். ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் கோயில்கள் பறிபோயின. குருமார் நாட்டை விட்டு விலக்கப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்தோர் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். 1687இலே கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் கோலத்திலே மறைவாக யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே அடைக்கலம் பெற்று, இரவிலே வீடுவீடாகச் சென்று பூசை செய்வித்தார். இவரையே 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராக அறிவித்தார். 1705இலே அதே கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள், சாங்கோபாங்க சுவாமிகள் என்று தமிழ்க் கத்தோலிக்கராற் போற்றப்படுபவர், 1742இலே காலமானார். தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றிய அவர், இயேசுநாதரின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துச் செய்த தமிழ் நூலே வியாகுலப் பிரசங்கம்.

குருவானவர் காலடி படாத ஊரிலும், கோயிலில்லாத குடியிருப்பிலும், எழுத்தறிந்த ஒருவர் இருந்தால் அந்நூலை விரித்து வாசிக்கலாம். கேட்டிருப்போர் அழுது செபிக்கலாம். கோயிலை இழந்த மக்களுக்கு வீடே கோயிலாயிற்று என்பதை இந்நூல் ஒன்றே காட்டும். ஒல்லாந்தர் போய் நூற்றைம்பது ஆண்டு கடந்த பின்னரும் அவ்வழக்கம் நிலைத்தது. நமது சிறு பராயத்திலே, தவக்காலத்து இரவுகளில் அயல் வளவிலிருந்து அந்நூலை இராகத்தோடு வாசிக்கும் ஓசை வேலியைக் கடந்து வரும். வாசிப்பவர் ஒருவர், விளக்கடியிலே பாய் விரித்துப் பெண்டிர் பிள்ளைகள் கேட்டிருப்பர். ஒரு தாய் தன் மகனை இழந்து புலம்பும் கட்டம் வந்ததும் நமது வீட்டுத் திண்ணையிலும் பேச்சு அடங்கிவிடும். அதனைக் கேட்கையில் நம் கோயில்களிலே நடக்கும் கந்தபுராணப் படிப்பே நினைவுக்கு வரும். அங்கும் ஒருவர் படிப்பார், ஒருவர் பயன் சொல்லுவார், ஊரவர் இருந்து கேட்பர். கேட்டல் ஒரு தவம் என்று நம் முன்னோர் கருதியதை இரண்டு சமயத்தாரும் இரண்டு நூலைக்கொண்டு காத்துவந்தனர்.

புரட்டஸ்தாந்த சபைகளின் கதை வேறு. 1816இலே வந்து, 1823இலே வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிசனாரிமார், வேதத்தில் விதிக்கப்படாத திருநாள்களையும் நோன்புக் காலங்களையும் விலக்கிய தூயநெறியாரின் வழிவந்தோர். 1818இலே நல்லூரிலே பணி தொடங்கிய ஆங்கிலத் திருச்சபை மிசனாரிமாரோ, தமது செபநூலில் உள்ளவாறு லெந்து நாள்களைக் கைக்கொண்டனர். அமெரிக்க மிசனின் வழித்தோன்றலாய் 1947இலே உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் இக்காலத்திலே லெந்தை அனுசரிக்கின்றது. ஒருகாலத்தில் தேவையில்லை என்று தள்ளப்பட்ட நோன்பு மறு காலத்திலே தேவையென்று மீண்டு வந்தமை சிந்திக்கத்தக்கது.

இவ்விடத்திலே நமது கல்லூரி போன்ற சைவக் கல்லூரிகள் தோன்றிய காரணத்தையும் மறத்தலாகாது. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்த ஆறுமுக நாவலர், அந்நூலைக் கரைகண்டு, பின் சைவத்தின் காவலராக நின்றார். 1854இலே அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்திலே, சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு, அவர்களுடைய வேதத்திலேயே அத்தகைய கிரியைகள் விதிக்கப்பட்டுள்ளமையை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். எதிர்ப்பவனுடைய நூலையும் பழுதறக் கற்றபின்பே பேசவேண்டும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். தம் நெறியிலே உறுதியுடையவனே பிறர் நெறியை அச்சமின்றி அறிய வல்லவன். இந்த உரிமையினாலேயே, சைவக் கல்லூரியின் மலரிலே கிறிஸ்தவ நோன்பைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

நூலறிவைவிட நமக்கு இந்நோன்பின் உட்பொருளைக் காட்டியது ஒரு சாப்பாட்டுப் பொதி. 1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வீசிய பெரும் புயல் மன்னாரையும் யாழ்ப்பாணக் கரையோரங்களையும் தாக்கியதை மூத்த பழைய மாணவர் அறிவர். அப்பொழுது நம் வகுப்பிலே கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த சைவப் பிள்ளை ஒருவன் பயின்றான். புயலிலே அவன் தகப்பனாரின் தோணியும் வலையும் போயின. புதிய தவணை தொடங்கியபின் அவன் மதியச் சாப்பாடு கொண்டுவருவதில்லை. மணி அடித்ததும் கிணற்றடிக்குச் சென்று தண்ணீர் குடித்துவிட்டு நூல்நிலையத்துக்குப் போய்விடுவான். வகுப்பிலே அதனைக் கண்டவரும் உண்டு. அதைப் பற்றிப் பேசினவர் இல்லை. பேசினால் அவன் கூசுவான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதே வாங்கிலே ஒரு கத்தோலிக்கப் பிள்ளையும் இருந்தான். 1965இலே விபூதிப் புதன் மார்ச்சு 3ஆம் திகதி வந்தது. அடுத்த நாள் மதியம் அவன் தன் பொதியை எடுத்து மற்றவன் முன் வைத்தான். "எனக்கு இண்டைக்கு ஒருசந்தி. அம்மா மறந்துபோய்க் கட்டித் தந்திட்டா. திருப்பிக் கொண்டுபோனால் ஏசுவா. நீ சாப்பிட்டாத்தான் நான் தப்பலாம்" என்றான். ஒரு தோழனை ஏச்சிலிருந்து காப்பாற்றும் உதவியாக அதனை மற்றவன் உண்டான். அடுத்த நாளும் அம்மா மறந்தார். அதற்கடுத்த கிழமையும் மறந்தார். "உன்ரை அம்மா ஒவ்வொரு நாளும் மறக்கிறாவோ?" என்று அவன் கேட்டதற்கு, "மனுசிக்கு வயது போட்டுது" என்று மறுமொழி வந்தது. அந்த அம்மையாருக்கு அப்போது நாற்பது வயதும் நிரம்பவில்லை. வெள்ளிக்கிழமைப் பொதியிலே மச்சம் இருப்பதில்லை. அது இருவர் நோன்புக்கும் ஒத்தது. தவணை முடியுமட்டும் இவ்வாறே நடந்தது. சட்டத்தின்படி பதினைந்து வயதுப் பிள்ளையை ஒருசந்தி கட்டுப்படுத்தாது என்பதை நாம் பின்னாளிலேதான் படித்தறிந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு நன்னாளிலே அவ்வம்மையாரைக் காணச் சென்றபோது இச்செய்தியை நினைவூட்டினோம். அவர் சிரித்தார். "ஒரு நாள் மறக்கலாம் தம்பி, நாற்பது நாளும் மறப்பினமே? அவன் வந்து, நான் மத்தியானம் பட்டினி கிடக்கப்போறன் எண்டான். சும்மா பட்டினி கிடந்து ஆருக்கு என்ன பிரயோசனம்? நோன்பு பிடிச்சால் அந்தச் சோறு ஆற்றையாவது வயித்துக்குப் போகவேணும், பானையிலே கிடக்கக்கூடாது எண்டு நான்தான் கட்டிக் குடுத்தனான்" என்றார்.

அவ்வம்மையார் பெரிய நூல்களைப் படித்தவரல்லர். ஆயினும் 5ஆம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் விளங்கிய பெரிய லேயோ பாப்பரசர் தமது தவக்காலப் பிரசங்கங்களிலே வற்புறுத்தியது இதனையே. நோன்பிருப்பவன் மிச்சம் பிடித்தது ஏழையின் உணவாக வேண்டும். இன்றேல் அது நோன்பாகாது, சிக்கனமாகும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற இயேசுநாதரின் போதனையையும் அவர் ஒரு பொய்யான மறதியினாலே நிறைவேற்றினார். சைவருக்கும் இது அந்நியமான நெறியன்று. மழை பெய்யும் நள்ளிரவிலே, தாம் பசித்திருந்தும், விதைத்த நெல்லை வாரிவந்து அடியவருக்கு அமுதாக்கிய இளையான்குடிமாற நாயனாரின் வரலாறு நம் புராணத்திலே உள்ளது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி அன்னதானத்தாலேயே பெயர் பெற்றது. பாறணைக்கு முன் பசித்தவருக்கு உணவிடுதல் நம் வீட்டு முறை.

1965ஆம் ஆண்டிலேயே மரியசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தோற்றுவித்தார். பின் வந்த பல தவக்காலங்களிலே அம்மன்றம் இயேசுநாதரின் பாடுகளைப் பெரும் நாடகமாக யாழ்ப்பாணத்திலே மேடையேற்றியது. நாமும் மண்ணிலே அமர்ந்து அதனைக் கண்டோம். நம்மைச் சூழ இருந்தோரிலே நீறணிந்த நெற்றிகள் பல. குற்றமற்ற ஒருவனைப் பிடித்துச் செல்லுதல், நண்பர் ஓடிப்போதல், தாய் தேடி வருதல் ஆகிய காட்சிகள் போர்க்காலத்திலே அரங்கேறியபோது, அவற்றுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

போர்க்காலம் நமக்கு இன்னொன்றையும் கற்பித்தது. பசி வேறு, நோன்பு வேறு. 2006ஆம் ஆண்டு ஆவணியிலே ஏ9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டிலே காசு வைத்திருந்தவரும் அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றனர். 2009ஆம் ஆண்டிலே விபூதிப் புதன் பெப்ரவரி 25ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறு ஏப்பிரல் 12ஆம் திகதி. அந்த நாற்பது நாளும் வன்னியிலே ஒடுங்கிய ஒரு நிலப்பரப்பினுள், சைவரும் கிறிஸ்தவருமாகப் பெருந்தொகையான நம்மவர் பதுங்கு குழிகளிலே கிடந்து, உப்பில்லாக் கஞ்சிக்கு ஏங்கினர். அவர்களுக்கு எந்தக் குருவானவரும் ஒருசந்தி விதிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றும் வைகாசி மாதத்திலே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்வது அந்நினைவினாலேயே. 2022ஆம் ஆண்டுத் தவக்காலத்திலே நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலிலே காத்து நின்றது. அக்காலத்திலும் ஒருவேளை உணவோடு பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் உண்டு.

பசி ஒருவன்மேல் சுமத்தப்படுவது. அது மனிதனைச் சிறுமைப்படுத்துகின்றது. நோன்பு ஒருவன் தானே ஏற்பது. உணவிருந்தும் உண்ணாதிருப்பவனே நோன்பாளி. ஆதலால், நோன்பிருக்க வல்லவன் எவனோ, அவன் உண்ண வகையுள்ளவன். இதனை உணர்ந்தவன் தன் நோன்பைப் பற்றிப் பெருமை பேசமாட்டான். வேறு வழியின்றிப் பட்டினி கிடப்பவனுடைய பக்கத்திலே ஒரு வேளையாவது தானும் சென்று அமர்வதே நோன்பின் பயன் என்று கொள்வான். அமர்ந்தபின் அவனை உண்பித்தே எழுவான்.

இவ்வளவும் ஒரு விழா மலருக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். விழாவைக் குறிக்க நாம் வழங்கும் ஜூபிலி என்னும் சொல்லே இவ்வினாவுக்கு விடையளிக்கின்றது. அது எபிரேய மொழியிலே ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் யோபேல் என்ற சொல்லினின்று வந்தது. மோசேயின் சட்டத்தின்படி, ஐம்பதாம் ஆண்டிலே நாடெங்கும் எக்காளம் ஊதுவர். வறுமையினால் விற்கப்பட்ட காணி உரியவனுக்கு மீளும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். அந்த எக்காளம் ஊதப்படும் நாள் எது? பாவநிவிர்த்தி நாள்; யூதர் அனைவரும் உபவாசமிருந்து தம்மைத் தாழ்த்தும் நாள். அந்த மக்கள் வயிறு வெறுமையாயிருந்த நாளிலே ஜூபிலியைத் தொடங்கினர். இழந்தவனுக்கு இழந்ததை மீட்டுக்கொடுப்பதையே அதன் கொண்டாட்டமாக்கினர். உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னே நாற்பது நாள். ஜூபிலிக்கு முன்னே ஒரு நாள் உபவாசம். நமது தேர்த் திருவிழாவுக்கு முன்னரும் காப்புக் கட்டுதலும் விரதமும் உண்டன்றோ? ஆயத்தமின்றி விழாவில்லை என்பதிலே மூன்று மரபும் ஒத்துநிற்கின்றன.

நமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று இலண்டனிலும் தொறன்ரோவிலும் மெல்பேணிலும் பரந்து வாழ்கின்றனர். அங்கெல்லாம் விழா விருந்துகள் நடைபெறும், நடைபெறுதல் வேண்டும். கட்டடம் எழுப்புவோரும், விளையாட்டிடம் திருத்துவோரும், பரிசில் நிதி வைப்போரும் நம் நன்றிக்குரியர். அவர்களோடு ஒரு சிறு வேண்டுகோளை வைக்கின்றோம். விருந்துக்கு முந்திய கிழமையிலே ஒவ்வொரு பழைய மாணவரும் ஒரு நாள், ஒரு வேளை உணவை விடுவாராக. சைவராயின் வெள்ளிக்கிழமை விரதமென்க, கிறிஸ்தவராயின் ஒருசந்தியென்க, யாதுமற்றவராயின் வெறும் பட்டினியென்க. அந்த ஒரு வேளைக்கு அவ்வூரிலே ஆகும் விலை இங்கே ஒரு மாணாக்கனுக்குப் பல நாள் மதிய உணவாகும். அதனைப் பெயர் குறிக்காமல் அனுப்புவாராக. கல்லிலே பொறிக்கவோ, அறிக்கையிலே வாசிக்கவோ வேண்டா. எந்தப் பிள்ளை பெற்றான் என்பதை அனுப்பியவரும், யார் அனுப்பினார் என்பதைப் பெற்றவனும் அறியாதிருக்கட்டும்.

இதனைப் பகிரும் ஆசிரியர்மாருக்கும் ஒரு சொல். கொடுப்பது எளிது, கொள்பவன் தலை குனியாதபடி கொடுப்பதே அரிது. பட்டியல் வாசித்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால், உணவோடு அவமானத்தையும் ஊட்டியவராவோம். அதற்கு ஒரு வழி காணும் அறிவு நமது ஆசிரியர்மாருக்கு உண்டு. வேண்டுமாயின் ஓர் அம்மையாரின் மறதியை அவர்களும் கைக்கொள்ளலாம்.

வரும் மாசியிலே சிவராத்திரி விளக்குகள் ஏற்றப்படும். அதனை ஒட்டிப் பாசையூரிலும் குருநகரிலும் இளவாலையிலும் மக்கள் வரிசையாகச் சென்று நெற்றியிலே சாம்பல் பெறுவர். நாம் நம்முடைய நீற்றை அணிவோம். அவர்கள் தம்முடையதை அணியட்டும். இரண்டு வீட்டுப் பானையிலும் அன்று மிஞ்சும் சோறு பசித்த பிள்ளை ஒருவனைச் சென்றடையுமாயின், நமது கல்லூரியின் விழாவும் நன்கு தொடங்கியதாகும்.